கூரையிலிருந்து கொஞ்சம் கீழே

வேலை செய்யும் இடத்தில் செடி தொங்கவிட நினைப்பவர் முதலில் அண்ணாந்துதான் பார்க்கிறார். கொக்கியைக் கூரையில் எங்கே அடிக்கலாம் என்பதே முதல் கேள்வியாக இருக்கிறது. உள்ளலங்காரப் படங்களும் அதற்குத் தூபம் போடுகின்றன: வெள்ளைச் சுவர், மர மேசை, மூடி வைத்த மடிக்கணினி, கூரையை ஒட்டி ஒரு தொட்டி, அதிலிருந்து மேசை வரை வழியும் பச்சைக் கொடி. இந்தப் படங்களை நான் நம்புவதில்லை. பெரும்பாலும் செடியை மாட்டிய சூட்டோடு எடுத்தவை அவை. கொடியில் தெரியும் செழிப்பு நாற்றுப்பண்ணையின் வெளிச்சம் கொடுத்தது. சில மாதம் கழித்து அதே மூலையைப் போய்ப் பார்த்தால், தொட்டி விளிம்பில் மொட்டைத் தண்டுகள் நாலைந்தும், அவற்றின் நுனியில் மட்டும் சிறுத்துப்போன இலைகளுமாக இருக்கும்.

ஜன்னல் வழியாக உள்ளே வரும் வெளிச்சத்தில் பெரும்பங்கு வானத்திலிருந்து வருவது. வானம் மேலே இருப்பதால் வெளிச்சம் சாய்வாகக் கீழ்நோக்கி இறங்குகிறது. மேசைக்கும் தரைக்கும் அது தாராளமாகப் போய்ச் சேர்கிறது. ஜன்னலின் மேல்விளிம்புக்கும் உயரே, கூரையை ஒட்டிய பகுதிக்கு வானம் தெரிவதே இல்லை. தரையிலும் சுவரிலும் பட்டுத் திரும்பும் மிச்சத்தை வைத்துத்தான் அங்கே இருக்கும் செடி காலம் தள்ள வேண்டும். நம் கண்ணுக்கு இந்த வேறுபாடு உறைப்பதில்லை. இருட்டுக்கு ஏற்றபடி அது தன்னைச் சரிசெய்துகொண்டு எல்லா இடமும் ஏறக்குறைய ஒன்றுதான் என்று நமக்குச் சொல்லிவிடுகிறது. இலைக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது.

ஆகவே கொக்கி அடிப்பதற்கு முன் ஒரு சோதனை. முக்காலியில் ஏறி, செடி இருக்கப்போகும் இடத்தில் உங்கள் தலையை வைத்து ஜன்னலைப் பாருங்கள். அங்கிருந்து ஒரு கீற்று வானமாவது தெரிந்தால் அந்த இடத்தைப் பற்றி மேற்கொண்டு யோசிக்கலாம். எதிர்க் கட்டடத்தின் சுவரோ தரையோ மட்டும் தெரிந்தால் வேறு இடம் பாருங்கள். வெளிச்சத்தை அளக்கும் அலகான லக்ஸ் கணக்கில் சொல்வதென்றால், உச்சிவெயில் சுமார் ஒரு லட்சம் லக்ஸ். எழுதவும் படிக்கவும் அலுவலக மேசைக்குப் பரிந்துரைக்கப்படும் அளவு 500 லக்ஸ். நமக்குப் பளிச்சென்று தோன்றும் அந்த 500இல் வெப்பமண்டலச் செடி ஒன்று உயிரோடு இருக்கும், அவ்வளவுதான். வளர வேண்டுமானால் ஆயிரம், இரண்டாயிரம் என்று மேலே போக வேண்டும். அது ஜன்னலோரத்தில் கிடைக்கும். அறைக்குள் இரண்டு மூன்று மீட்டர் தள்ளிப்போனால் கிடைக்காது. கைப்பேசியில் லக்ஸ் அளக்கும் செயலிகள் இருக்கின்றன. துல்லியம் போதாது என்றாலும், ஓர் இடத்தையும் இன்னோர் இடத்தையும் ஒப்பிட்டுப் பார்க்க அவை தாராளமாகப் போதும்.

தாழத் தொங்கவிடுங்கள் என்று நான் சொல்வதற்கு வெளிச்சம் ஒரு காரணம். இன்னொன்று, பார்க்கப்போவது யார் என்பது. நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஒருவருடைய கண் தரையிலிருந்து ஏறக்குறைய 120 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. வேலையில் சலிப்புத் தட்டித் திரையிலிருந்து கண்ணை எடுக்கும்போது அது பக்கவாட்டில் போகிறது, அல்லது நேரே ஜன்னலுக்குப் போகிறது. கூரையைப் பார்த்து இளைப்பாறுபவரை நான் கண்டதில்லை. தலைக்கு மேல் இரண்டடி உயரத்தில் தொங்கும் செடி, வாசலில் நுழையும் விருந்தாளிக்காக வைத்தது. நாள் முழுக்க அங்கே உட்கார்ந்திருப்பவருக்குத் தெரிவதெல்லாம் தொட்டியின் அடிப்பாகம். என் மேசைக்கு இடப்பக்கம் ஜன்னல். அதன் சட்டத்தைத் தாண்டாத உயரத்தில் சுவரில் அடித்த இரும்புத் தாங்கி, அதிலிருந்து ஒரு கயிற்று உறி, உறியில் தொட்டி. இலைகள் எல்லாம் என் கண்மட்டத்திலிருந்து ஒரு முழத்துக்குள் இருக்கின்றன. நடைபாதைக்கு மேலே என்றால் கதை வேறு; அங்கே இரண்டு மீட்டருக்குக் கீழே எதையும் தொங்கவிடக் கூடாது, யாராவது நெற்றியை இடித்துக்கொள்வார்கள். மேசைக்குப் பக்கத்தில் யாரும் நடக்கப்போவதில்லை.

இலைகள் ஜன்னலைப் பார்த்துத் திரும்பிக்கொள்ளும் என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும். உங்களுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் செடியைத் தொங்கவிட்டால் அதன் முகம் வெளியே, முதுகு உங்களுக்கு. டிரேட்ஸ்கான்ஷியா, பெரணி போன்ற மெல்லிலைச் செடிகளை அப்படி வைக்கலாம். பின்னாலிருந்து வெளிச்சம் ஊடுருவும்போது நரம்பெல்லாம் தெரிந்து அழகாகத்தான் இருக்கும். ஹோயா போன்ற தடித்த இலைச் செடியை அங்கே வைத்தால் வெறும் கருநிழல். ஜன்னலுக்குச் செங்குத்தாக நிற்கும் பக்கச் சுவர்தான் தொங்கும் செடிக்கு உகந்த இடம் என்பது என் கட்சி. வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து வரும், இலையின் முகம் முக்கால்வாசி உங்களுக்கும் தெரியும். வாரம் ஒருமுறை தொட்டியைக் கால்வட்டம் திருப்பிவிட்டால் ஒரு பக்கம் மட்டும் புடைப்பதைத் தவிர்க்கலாம். உறிக்கு மேலே சுழல் கொக்கி மாட்டிவிட்டால் திருப்புவது விரல் வேலை.

இன்னொன்று: மின்விசிறிக் காற்றும் மெல்லிய கொடியும் சேர்ந்தால் கண்ணோரத்தில் ஓயாமல் ஏதோ அசைந்துகொண்டே இருக்கும். கண்ணின் ஓரப்பார்வை அசைவைப் பிடிப்பதில் கெட்டி. எழுதிக்கொண்டிருப்பவரின் கவனத்தை அது சட்டென்று இழுத்துவிடும். திரைக்குப் பக்கத்தில் கனத்த இலைச் செடிகளையும், திரைக்கு எதிர்ப்புறமாகவோ முதுகுக்குப் பின்னாலோ ஆடும் கொடிகளையும் வைப்பது நல்லது.

இனி எந்தச் செடி என்ற கேள்வி. கடைகளில் தொங்கும் செடி என்ற பெயரில் விற்கப்படுபவற்றில் பாதி, தம் சொந்தக் காட்டில் தொங்குவதே இல்லை. அவை ஏறுபவை. மணி பிளாண்ட் இதற்கு முதல் உதாரணம். பசிபிக் பெருங்கடலில், பிரெஞ்சு பாலினீசியாவைச் சேர்ந்த மூரியா தீவு அதன் பூர்வீகம். அங்கிருந்து கிளம்பி இன்று உலகின் வெப்பமான பகுதிகள் எல்லாவற்றிலும் வேர்விட்டுவிட்டது. சில இடங்களில் காட்டையே மூடும் களையாகவும் ஆகியிருக்கிறது. பெரிய மரமொன்றைப் பற்றி ஏறும்போது அதன் இலை அரை மீட்டருக்கும் மேல் நீண்டு, ஓரங்களில் கிழிந்து, மேசையில் நாம் வளர்க்கும் செடிக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று சொல்லத்தக்க உருவத்துக்கு வந்துவிடுகிறது. பூப்பது மட்டும் அபூர்வத்திலும் அபூர்வம். தானாகப் பூத்ததாக 1964க்குப் பிறகு பதிவு இல்லை. பூப்பதற்குத் தேவையான ஜிப்ரலின் என்ற ஹார்மோனை உண்டாக்கும் மரபணு அதனிடம் சரியாக இயங்குவதில்லை என்று 2016இல் வெளியான ஆய்வொன்று கண்டறிந்தது. அந்த ஹார்மோனை வெளியிலிருந்து தெளித்தபோது செடி பூத்தது.

இந்தக் குடும்பத்துக் கொடிகளின் சுபாவத்தைப் புரிந்துகொள்ள இன்னோர் ஆய்வு உதவும். டொனால்ட் ஸ்ட்ராங், தாமஸ் ரே என்ற இருவர் 1975இல் மான்ஸ்டெரா நாற்றுகளைப் பற்றி எழுதினார்கள். விதையிலிருந்து முளைத்த நாற்று வெளிச்சத்தைத் தேடிப் போவதில்லை, இருட்டைத் தேடித் தரையில் ஊர்கிறது என்பது அவர்கள் கண்டது. காட்டுத் தரையில் மிக இருட்டாகத் தெரிவது பெரிய மரத்தின் அடிப்பகுதி. மரத்தைத் தொட்டபின் கொடி போக்கை மாற்றிக்கொண்டு வெளிச்சத்தை நோக்கி ஏறத் தொடங்குகிறது. பற்றுகோல் கிடைத்த பிறகுதான் இலை பெரிதாகிறது.

தொட்டியிலிருந்து தொங்கும் மணி பிளாண்டும் இதய இலைப் பிலோடென்ட்ரானும் இதையெல்லாம் நினைவுக்குக் கொண்டுவருகின்றன. பற்றுகோல் இல்லாமல் கீழே இறங்க இறங்கக் கணுவுக்கும் கணுவுக்கும் இடைவெளி கூடும், இலை சிறுக்கும். செடி நோயில் விழுந்துவிட்டதாக நினைத்து உரத்தைக் கொட்டுபவர்கள் உண்டு. உரத்தால் தீருகிற விஷயமல்ல அது. மரத்தைத் தேடி ஓடுகிற கொடி பெரிய இலைக்குச் செலவு செய்யாது. எனவே ஏறும் கொடிகளைத் தொங்கவிடுவதானால் அவற்றை நீளவிடாமல் வெட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அல்லது கொஞ்ச தூரம் தொங்கவிட்டு அலமாரியின் ஓரத்தில் பக்கவாட்டில் ஓட்டிவிடலாம். எனக்குப் பின்னதுதான் பிடிக்கும். புத்தக அலமாரியின் விளிம்பில் கணுவின் காற்றுவேர் ஒட்டிக்கொள்ள ஏதாவது கிடைத்தால் அடுத்து வரும் இலைகள் சற்று அகலமாக வருவதைப் பார்க்கலாம். வண்ணம் பூசிய சுவரில் மட்டும் ஏற விடாதீர்கள். வேரைப் பிய்த்தெடுக்கும்போது வண்ணமும் கூடவே வரும்.

உண்மையிலேயே அந்தரத்தில் வாழும் செடிகள் வேறு வகை. மழைக்காட்டின் பெருமரங்களில், கிளை பிரியும் கவட்டையில், கைப்பிடி மக்கையும் பாசியையும் வைத்துக் குடும்பம் நடத்துபவை. தாவரவியலில் இவற்றைத் தொற்றுத் தாவரங்கள் என்பார்கள். மரத்தில் குடியிருக்கின்றன, மரத்தை உறிஞ்சுவதில்லை. மழை பெய்தால் நனைகின்றன, அரைமணி நேரத்தில் தண்ணீர் வடிந்துவிடுகிறது, மறுபடி மழை வரும்வரை இலையிலும் தண்டிலும் சேமித்து வைத்ததை வைத்து ஓட்டுகின்றன. கொஞ்சம் வறட்சியைத் தாங்கும், தொங்குவது இயல்பு, வேருக்குக் காற்று வேண்டும், நின்ற ஈரம் ஆகாது. வேலை மும்முரத்தில் தண்ணீர் ஊற்ற மறப்பவர்களுக்கு இவற்றைவிடப் பொருத்தமான கூட்டாளி கிடையாது. மறதியால் இவை செத்ததைவிட அக்கறையால் செத்ததே அதிகம்.

இவற்றில் ரிப்சாலிஸ் எனக்கு மிகவும் பிடித்தது. பார்ப்பதற்குப் பச்சை நூல்கண்டு அவிழ்ந்து தொங்குவது போல இருக்கும் இது ஒரு கள்ளி என்று சொன்னால் எளிதில் நம்ப மாட்டார்கள். பெரும்பாலான வகைகளில் குத்துகிற முள் கிடையாது, பாலைவனம் தெரியாது, நேர்வெயிலும் பிடிக்காது. கள்ளிக் குடும்பத்தின் ஏறக்குறைய இரண்டாயிரம் இனங்களும் அமெரிக்கக் கண்டங்களுக்கே உரியவை. ரிப்சாலிஸ் பாக்சிஃபெரா என்ற ஓர் இனம் மட்டும் ஆப்பிரிக்காவிலும் மடகாஸ்கரிலும் இலங்கையிலும் காட்டில் இயல்பாக வளர்கிறது. கடலை எப்படித் தாண்டியது என்பதில் ஊகங்கள் பல. ஒட்டும் தன்மையுள்ள அதன் வெள்ளைப் பழத்தை உண்ட பறவைகளின் வேலை என்பது அவற்றில் ஒன்று. ரிப்சாலிஸ் ஏசி அறையின் வறண்ட காற்றைப் பொருட்படுத்தாமல் வாழ்கிறது. இலை உதிர்த்து மேசையைக் குப்பையாக்குவதில்லை, ஏனென்றால் உதிர்க்க இலையே கிடையாது.

ஹோயாவுக்குப் பொறுமை வேண்டும். மாதக்கணக்கில் இலையே இல்லாத ஒரு நீண்ட தண்டை நீட்டிக்கொண்டு சும்மா இருக்கும். பொறுமையிழந்து அதை வெட்டினால் போயிற்று, வருங்காலத்து இலைகளும் பூக்களும் அதில்தான் வரவிருந்தன. பூத்தால் ஒரே காம்பில் இருபது முப்பது பூக்கள் உருண்டையாகக் கொத்துவிடும். ஒவ்வொரு பூவையும் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். வெளிவட்டத்தில் வெல்வெட் போன்ற மென்மயிர் போர்த்திய ஐந்து முனை நட்சத்திரம். அதன் நடுவே மெழுகு பூசியது மாதிரி வழவழவென்று இன்னொரு சிறிய நட்சத்திரம். உள் நட்சத்திரத்தின் மையம் மட்டும் சிவந்திருக்கும். அதன் விளிம்பில் தேன் ஊறி, திரண்டு, துளியாகத் தொங்கி, ஒருநாள் கீழே விழும். கீழே இருப்பது உங்கள் விசைப்பலகையாகவும் இருக்கலாம். பூக்காலத்தில் ஹோயாவைக் காகிதங்களுக்கு மேலே வைத்திருக்க வேண்டாம். வாசனை அந்தி சாய்ந்த பிறகு வலுக்கும். இரவில் வேலை செய்பவர்களில் சிலருக்கு அது தலைவலி. பூ உதிர்ந்த பின் எஞ்சும் குட்டைக் காம்பைக் கிள்ளிவிடாதீர்கள், அடுத்த முறையும் அதே காம்பில்தான் பூக்கும். லண்டனை அடுத்த சயன் இல்லத்தில் நார்தம்பர்லாந்து கோமகனின் தோட்டக்காரராக இருந்த தாமஸ் ஹாய் என்பவரின் பெயரைத் தாவரவியலாளர் ராபர்ட் பிரவுன் 1810இல் இந்தச் செடிக்கு வைத்தார். வேலைக்காரரின் பெயர் நிலைத்தது எனக்கு ஒரு சின்ன சந்தோஷம்.

மான்கொம்புப் பெரணிக்குத் தொட்டியே வேண்டாம், பலகையில் கட்டிச் சுவரில் மாட்டலாம். கொம்பு போல் கிளைத்த இலைகள் ஒரு வகை. வேரை மூடிக் கேடயம் போல் பலகையோடு ஒட்டி, பழுத்துக் காய்ந்து பழுப்பாகும் இலைகள் இன்னொரு வகை. காய்ந்ததென்று கேடய இலையைப் பிய்ப்பதும், தூசியென்று கொம்பிலையின் வெள்ளைத் துகளைத் துடைப்பதும் கூடாது. முன்னது ஈரத்தையும் சருகையும் பிடித்து வைக்கும் பை. பின்னது ஈரம் போகாமல் காக்கும் நுண்மயிர். வாரம் ஒருமுறை பலகையோடு தண்ணீரில் கொஞ்ச நேரம் மூழ்கவைத்து, நீர் வடிந்தபின் மாட்டினால் முடிந்தது வேலை. லிப்ஸ்டிக் செடி, டிஸ்கிடியா ஆகியவையும் இந்தப் பட்டியலில் வரும். பாஸ்டன் பெரணியை நான் சேர்க்க மாட்டேன். படத்தில் அதைவிடப் பசுமையாக எதுவும் தெரியாது, ஏசி அறையிலோ நாள்தோறும் சருகு கொட்டும். முத்துச்சரம் என்று விற்கப்படும் உருண்டை இலைக்கொடி வெப்பமண்டலச் செடியே அல்ல. தென்னாப்பிரிக்காவின் வறள்நிலத்தைச் சேர்ந்தது, வெயில் கேட்கும்.

வெப்பமண்டலச் செடிகள் அறைக்குள் வந்த வரலாறே ஒரு வகையில் கண்ணாடியின் வரலாறு. லண்டனில் மருத்துவராக இருந்த நதானியல் வார்ட் என்பவர், 1829இல் ஒரு பூச்சியின் கூட்டை மூடிய கண்ணாடிப் புட்டியில் வைத்து வளர்க்கப்போய், புட்டியின் அடிமண்ணில் பெரணி முளைத்திருப்பதைப் பார்த்தார். அந்த ஊரின் புகைக்காற்றில் அவருடைய தோட்டத்துப் பெரணிகள் பிழைத்ததில்லை, புட்டிக்குள் பிழைத்தது. 1833இல் அப்படி மூடிய கண்ணாடிப் பெட்டிகளில் செடிகள் சிட்னிக்குக் கப்பலேறி உயிரோடு போய்ச் சேர்ந்தன. அதற்குப் பிறகுதான் மழைக்காட்டுச் செடிகள் கடல் கடப்பது சாதாரணமாயிற்று. அலுவலகத்துக்குள் அவற்றைத் திட்டம்போட்டு நுழைத்தவர்கள் ஜெர்மனியின் ஷ்னெல்லே சகோதரர்கள். 1950களின் பிற்பகுதியில், வரிசை மேசைகளையும் தடுப்புச் சுவர்களையும் அகற்றிவிட்டு, தொட்டிச் செடிகளைக் கொண்டே இடங்களைப் பிரிக்கும் அலுவலக அமைப்பை முன்வைத்தார்கள். இன்றைய உச்சம் சியாட்டிலில் 2018இல் திறக்கப்பட்ட அமேசான் நிறுவனத்தின் கண்ணாடிக் கோளங்கள். சுமார் 40,000 செடிகள். பகலில் ஏறக்குறைய 22 டிகிரி செல்சியஸ், 60 சதவீத ஈரப்பதம். அங்கே கட்டடமே செடிக்காக வளைந்துகொடுக்கிறது. நமக்கு அமைந்த அறைகளில் செடிதான் வளைந்துகொடுக்க வேண்டும். அதனால்தான் இடமும் இனமும் இவ்வளவு முக்கியமாகின்றன.

காற்றைச் சுத்தப்படுத்தும் என்ற பேச்சையும் இங்கேயே முடித்துவிடுகிறேன். 1989இல் நாசாவுக்காக பில் வோல்வர்டன் செய்த ஆய்வில், சின்னஞ்சிறு மூடிய அறைக்குள் வைத்த செடிகள் சில வேதிப்பொருள்களைக் காற்றிலிருந்து குறைத்தன. ஆய்வு சரிதான். அலுவலகம் மூடிய பெட்டி அல்ல என்பதுதான் சிக்கல். கதவும் காற்றோட்டக் குழாயும் செய்யும் வேலைக்கு முன்னால் செடியின் பங்கு தூசுக்குச் சமம். இத்தகைய ஆய்வுகளைத் திரட்டிக் கணக்கிட்ட கம்மிங்ஸும் வாரிங்கும் 2019இல் சொன்னது: சாதாரணக் காற்றோட்டத்துக்கு ஈடாக வேண்டுமென்றால் சதுர மீட்டருக்குப் பத்து முதல் ஆயிரம் செடிகள் வரை தேவைப்படும். அவ்வளவு செடிகள் வைத்தபின் நாற்காலி போட இடம் இருக்காது. கண்ணுக்கு இதமாக இருக்கிறது என்ற ஒரு காரணம் எனக்குப் போதும்.

இலையில் தண்ணீர் தெளித்து ஈரப்பதம் கூட்டுவதும் இதே ரகம். சில நிமிடங்களில் காய்ந்துவிடும். ஏசியின் காற்று நேரே படாத இடத்தில் வைப்பது, நாள் முழுக்கத் தெளிப்பதைவிட மேல். பத்து டிகிரிக்குக் கீழே போகும் அறைகளில் மட்டும் வெப்பமண்டலச் செடிகளை வைக்காதீர்கள்.

இப்போது கொக்கிக்கு வருவோம். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. இருபது சென்டிமீட்டர் அகலத் தொட்டி ஒன்று நன்றாக நனைந்த நிலையில் மூன்று நான்கு கிலோ வரும். வாங்கும்போது காய்ந்திருந்த எடையை வைத்துக் கொக்கி தேர்ந்தெடுப்பவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள். ஃபால்ஸ் சீலிங்கின் ஜிப்சம் பலகையில் வெறும் திருகாணியை நம்பித் தொட்டி மாட்டக் கூடாது. அதற்கு மேலே உள்ள கான்கிரீட்டிலோ சட்டத்திலோ பிடிமானம் வேண்டும். தீயணைப்புக்காகக் கூரையில் ஓடும் தண்ணீர்க் குழாய் கொக்கிக்கு வசதியாகத் தெரியும். அதைத் தொடவே தொடாதீர்கள். சுவரைத் துளைக்க அனுமதி இல்லாதவர்களுக்கு, துணி மாட்டும் இரும்புச் சட்டம் போன்ற தனித்து நிற்கும் தாங்கி ஒன்று போதும். ஜன்னலுக்கு முன் நகர்த்தி வைத்துக்கொள்ளலாம், உயரமும் தானாகச் சரியாக அமையும். உறியின் கயிறு சணலாக இருந்தால் ஈரத்தில் மக்கும், ஒருநாள் இரவில் அறுந்து விழும். பருத்தி பரவாயில்லை, நைலான் நம்பகமானது.

தண்ணீர் விஷயத்தில் ஒரே ஒரு முறைதான் எனக்குச் சரிப்பட்டது. அடியில் துளையுள்ள பிளாஸ்டிக் தொட்டியில் செடி. துளையில்லாத வெளித்தொட்டி உறியில். தண்ணீர் ஊற்றும் நாளில் உள்தொட்டியை மட்டும் எடுத்து, குழாயடிக்குக் கொண்டுபோய், அடியில் வழியும்வரை ஊற்றி, சொட்டு நின்றபின் திரும்ப வைப்பது. கையில் எடுக்கும்போதே எடை சொல்லிவிடும்: லேசாக இருந்தால் ஊற்று, கனமாக இருந்தால் அப்படியே வை. இந்தக் கிழமை தண்ணீர் என்று நாள் குறித்து ஊற்றுபவர்கள் மழைக்காலத்தில் வேரை அழுகவிடுகிறார்கள். காலையில் ஊற்றுவது என் பழக்கம். எங்கேயாவது கசிந்தால் பார்க்க ஆள் இருக்க வேண்டுமே. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், மோடம் ஆகியவற்றுக்கு நேர்மேலே எந்தத் தொட்டியும் வேண்டாம். ஊற்றாத நாளிலும் தண்ணீர் சொட்டலாம். மண் ஈரமாகவும் இரவுக்காற்று கனத்தும் இருந்தால், காலையில் மணி பிளாண்ட் இலையின் கூர்நுனியில் ஒரு துளி தெளிந்து நிற்கும். வேர் உள்ளே தள்ளிய நீர் இலைநுனியின் நுண்துளை வழியாக வெளியே வந்தது அது, பனியல்ல. காய்ந்தால் காகிதத்தில் மங்கலான வட்டக்கறை. அடிக்கடி நடந்தால் தண்ணீரைக் குறைக்கச் சொல்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

கைக்கு எட்டும் உயரத்தின் அருமை இங்கேதான் தெரியும். ஏணி போட்டு ஏற வேண்டிய தொட்டிக்கு யாரும் எடை பார்ப்பதில்லை. கீழிருந்து குத்துமதிப்பாக ஊற்றிவிட்டுப் போகிறார்கள். இலைக்காம்பின் இடுக்கில் பஞ்சு மாதிரி ஒட்டியிருக்கும் மாவுப்பூச்சியையும், எட்டாத உயரத்தில் என்றால் கொடி பாதி போன பிறகுதான் பார்ப்பார்கள். கண்மட்டத்தில் இருந்தால் முதல் வெள்ளைப் புள்ளியிலேயே பிடித்துவிடலாம்; ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் ஒற்றி எடுத்தால் அன்றோடு சரி. திரையின் வெளிச்சத்தைச் சுற்றும் குட்டிக் கருப்புக் கொசுக்கள் மேல்மண் ஓயாமல் ஈரமாக இருப்பதன் விளைவு. மேலே இரண்டு மூன்று சென்டிமீட்டர் மண் காயும்வரை தண்ணீரை நிறுத்துங்கள்.

உச்சி மொட்டையாவது எல்லாத் தொங்குகொடிகளுக்கும் வரும். தண்டின் நுனியில் உண்டாகும் ஆக்சின் என்ற ஹார்மோன் பின்னாலுள்ள கணுக்களின் மொட்டுகளைத் தூங்கவைக்கிறது; நுனி மட்டும் ஓடுகிறது. கொழுந்தைக் கிள்ளினால் பின்கணுக்கள் விழிக்கும். அதைவிட நல்ல வழி, நீண்ட கொடியையே வெட்டி, கணுவுக்குக் கணு துண்டாக்கி, துண்டுக்கு ஓர் இலையும் ஒரு காற்றுவேர் மொட்டுமாக வைத்துக்கொண்டு, அதே தொட்டியின் நடுவில் ஊன்றிவிடுவது. தண்ணீர்க் குவளையில் வேர்விட வைத்தும் ஊன்றலாம். கணு இல்லாத துண்டில் வேர் வந்தாலும் புதுத் தளிர் வராது. இலையை மட்டும் கிள்ளி வைத்துக் காத்திருப்பது வீண். வெட்டுவதற்கு மனம் வராதவர்கள் தொங்கும் செடி வளர்க்காமல் இருப்பதே நல்லது.

ஜன்னலே இல்லாத இடத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு விளக்குதான் வழி. ஊதா நிறத்தில் கண்ணைப் பறிக்கும் விளக்கு தேவையில்லை. வெள்ளை எல்இடி வெளிச்சத்திலேயே இலைக்கு வேண்டிய நீலமும் சிவப்பும் இருக்கின்றன. செடிக்கு மேலே ஒன்றரை அடியில் ஒரு பல்பு, நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம், கூடவே ஒரு டைமர். விளக்கைத் தூரமாக வைத்துவிட்டு வேலை செய்யவில்லை என்று குறைப்பட வேண்டாம்: தூரம் இரட்டித்தால் வெளிச்சம் கால்பங்காகிவிடும்.

தாழத் தொங்கவிடுங்கள் என்ற என் பேச்சு பூனை வளர்க்கும் வீட்டில் எடுபடாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். மணி பிளாண்ட், பிலோடென்ட்ரான், மான்ஸ்டெரா மூன்றிலும் ஊசி போன்ற கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் உண்டு. கடித்தால் பூனைக்கும் நாய்க்கும் வாயெரிச்சலும் வாந்தியும் வரும், குழந்தைக்கும்தான். செடியை உயர்த்துவதைவிட இனத்தை மாற்றிக்கொள்ளலாம். ஹோயாவும் ஸ்பைடர் பிளாண்டும் விலங்குகளுக்கு நஞ்சில்லாதவை. ஸ்பைடர் பிளாண்டின் தொங்கும் குட்டிகளைப் பூனை பந்தாடும் என்பது வேறு விஷயம்.

பலர் சேர்ந்து வேலை செய்யும் கூடத்தில் செடியைவிட மனிதர்களைச் சமாளிப்பது கடினம். எல்லாரும் தண்ணீர் ஊற்றலாம் என்று விட்ட செடிக்கு, ஒரே நாளில் மூன்று பேர் ஊற்றுவார்கள், பிறகு ஒரு மாதம் யாரும் ஊற்ற மாட்டார்கள். மிச்சக் காபியை ஊற்றுகிறவரும் இருப்பார். தொட்டிக்கு ஒருவர் என்று பெயர் எழுதி ஒட்டிவிடுங்கள். மற்றவர்கள் பார்க்கலாம், தொடக் கூடாது. அந்த ஒருவர் நீண்ட விடுமுறையில் போகும்போது, தொட்டியை உறியிலிருந்து இறக்கி, நேர்வெயில் படாத ஜன்னலுக்குக் கீழே தரையில் வைத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். ஆளில்லாத நாள்களில் கூடத்தின் விளக்குகள் அணைந்திருக்கும். ஜன்னலடித் தரைக்கு வானத்து வெளிச்சம் எப்படியும் வந்து சேரும், மண்ணும் மெதுவாகக் காயும். போவதற்கு முன் நன்றாக ஒருமுறை தண்ணீர் வடியவிட்டு வைத்தால் ரிப்சாலிஸும் ஹோயாவும் இரண்டு வாரத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.